உட்ரெக்ட் தேவாலயமும் என்னுடைய கறுப்புக் கோடும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

போன கிழமை கந்தோருக்கு வந்தபோது நீங்கள் மேசையில் விரித்து வைத்திருந்த பிளானை எட்டிப் பார்த்தேன். ஓய்வு பெற்றவன் எட்டிப் பார்க்கக் கூடாதுதான். வாசலிலேயே மேசையைப் போட்டு வைத்தால் நான் என்ன செய்வது? ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் கோயிலாக மாற்றிய அந்தப் பழைய வேதக்கோயிலுக்கு, அந்தத் தேவாலயத்துக்கு, புதுத் தரை போடப் போகிறீர்கள். நல்லது. முன்மண்டபத்துக்கும் உள்மண்டபத்துக்கும் நடுவே தரையில் பதித்திருக்கும் கறுப்புக் கல் பட்டியைச் சிவப்பு மையால் அடித்து, ‘அகற்றவும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்லதில்லை.

பணி அனுபவங்களை எழுதித் தரும்படி நீங்கள் கேட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. சாக்குப் போக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்பு மையைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொழில்நுட்பம் எதுவும் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிடத் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறு. நான் ஒரு பொறாமைக்காரன். வேலை செய்த காலம் முழுக்க யாரையாவது பார்த்து வயிறெரிந்துகொண்டுதான் இருந்தேன். அதில் பெரும்பங்கு ஒரே ஆளுக்குப் போனது. அவனுடைய பெயர் பகீரதன். நான் வைத்த பெயர் ஒல்லாந்தன்.

எங்களுடைய கந்தோர் அப்போது வெக்ஸ்போர்ட்டில், ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று யார் எந்தக் கட்டிடத்தை வாங்கினாலும் அதை வழிபாட்டுக்கு ஏற்றபடி மாற்றிப் பிளான் கீறிக் கொடுப்பதுதான் வேலை. முதலாளி யாழ்ப்பாணத்துச் சோனகர், முஸ்லிம். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டு அனுப்பப்பட்டபோது தன்னுடைய பள்ளிவாசலை விட்டுவிட்டு வந்த மனிதர், இங்கே அடுத்தவர்களுடைய சாமிகளுக்கு இடம் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய தலைமைப் படவரைஞன். பகீரதன் வரும்வரை அவர் எதற்கும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

பகீரதன் இலங்கையில் யுத்தம் முடிவதற்குக் கொஞ்சக் காலம் முந்தி வந்து சேர்ந்தான். என்னைவிட இளையவன். அகதியாக ஒல்லாந்துக்கு, அதாவது நெதர்லாந்துக்குப் போய், உட்ரெக்ட் என்ற நகரத்தில் பழைய தேவாலயங்களைத் திருத்தும் கொம்பனியொன்றில் சாரக்கட்டில் ஏறிச் சுண்ணாம்பு பூசி, பிறகு மேற்பார்வையாளனாகி, கலியாணத்தோடு கனடாவுக்கு வந்தவன். ஒஷாவாவில் வீடு. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தும் எனக்கு முந்தி வந்து கோப்பி போட்டு வைத்திருப்பான். அதற்கே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

அவன் வந்து சில நாட்களில் ஒரு பள்ளிவாசல் குழு திரும்பவும் வந்தது. ஒரு கடைத்தொகுதியில், கார் ரயர்க் கடைக்குப் பக்கத்து இடத்தை எடுத்திருந்தார்கள். வெளியில் கும்மட்டம் வைக்கக் கட்டிடச் சொந்தக்காரன் விடவில்லை. ‘வெளியில் கைவைக்க முடியாது, உள்ளுக்குச் செலவழியுங்கள்’ என்று நானும் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். அன்றைக்கு அந்தக் குழுவின் ஹாஜியார், “வெளியால பார்த்தா ரயர்க் கடை மாதிரிக் கிடக்கு. பள்ளியெண்டு ஆர் நம்புவினம்?” என்று அலுத்துக்கொண்டார்.

கோப்பிக் கோப்பையோடு நின்ற பகீரதன் வாயைத் திறந்தான்.

“ஹாஜியார், நான் இருந்த ஊரில ஒரு காலம் கத்தோலிக்கர் பூசை வைக்கத் தடை. அவையின்ர பெரிய கோயில் எல்லாத்தையும் மற்றப் பகுதி, புரட்டஸ்தாந்துக்காரர், எடுத்து, சுவருக்கு வெள்ளை அடிச்சு, சிலையளின்ர முகத்தைக் கொத்தி விட்டிட்டுது. இவை என்ன செய்தவை? வரிசையா இருந்த வீடுகளை உள்ளால இடிச்சு ஒண்டாக்கினவை. வெளியால பார்த்தா வீடு. சன்னல், புகைக்கூடு எல்லாம் வீடுதான். உள்ளுக்குப் போனா பீடம், விளக்கு, பாடுற ஆக்களுக்கு மேல்தட்டு. அதிகாரிமாருக்கும் தெரியும். தெருவில கோயில் மாதிரித் தெரியாத வரைக்கும் கண்டும் காணாத மாதிரி இருந்தவை. இப்ப உலகம் முழுக்கச் சனம் வந்து பார்க்குது.”

ஹாஜியார் முகம் மலர்ந்துவிட்டது. நான் சொன்னபோது குறையாகத் தெரிந்த அதே ரயர்க் கடைச் சுவர், அவன் சொன்ன பிறகு பெருமையாகிவிட்டது. அடுத்த கிழமை கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அதைவிட நல்ல கதை என்னிடம் இருந்தது. போர்த்துக்கீசப் பறங்கிக்காரர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும், சைவம் தடையாக இருந்தபோது, எங்கள் ஊரில் விரதம் இருந்து சாப்பிட்ட இலையை வெளியில் எறிய முடியாமல் கூரைக்குள் செருகி மறைத்தார்கள் என்று சொல்வார்கள். தங்கள் நகரத்தில் கத்தோலிக்கரை வீட்டுக்குள் ஒளிய வைத்த அதே கூட்டம்தான் கடல் கடந்து வந்து எங்கள் இலையையும் ஒளிய வைத்தது. இதைச் சொல்லியிருந்தால் பகீரதனின் கதை பாதியாகியிருக்கும். ஆனால் எனக்கு நல்ல பேச்செல்லாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் வரும்.

பிறகுதான் அந்த வேதக்கோயில் வந்தது. தங்களுடைய உலக யுத்தம் முடிந்த கையோடு கப்பலேறி வந்த ஒல்லாந்துக்காரர் கட்டியது. செங்கல் கட்டிடம், ஒரு சின்னக் கோபுரம், படமோ சிலையோ இல்லாத வெள்ளைச் சுவர். பிள்ளைகள் எல்லாம் வேறு வேறு இடங்களுக்குப் போய், சபை சுருங்கி, கடைசியில் விற்க முடிவெடுத்தார்கள். எங்கள் ஆட்களின் கோயில் சபை வாங்கியது. சாவியைத் தர ஒரு கிழவர் வந்தார். என்னோடு கைகுலுக்கி வானிலையைப் பற்றி இரண்டு சொல் பேசினார். பகீரதன் போய் அவருடைய பாஷையில் ஏதோ சொன்னான். கிழவர் அப்படியே பக்கத்து மரவாங்கில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. அதற்குப் பிறகு கட்டிடத்தைச் சுற்றிக் காட்டியதெல்லாம் அவனுக்குத்தான். நான் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

முன்கதவால் நுழைந்ததும் ஒரு பெரிய அறை. அதற்கு அங்கால் மரக்கதவு, அதற்குள்தான் தேவாலயம். முன்னறையைக் காட்டிக் கிழவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

“என்னவாம்?” என்றேன்.

“இஞ்ச கோப்பி குடிக்கிறதாம் அண்ணை. கடவுள் அந்தக் கதவுக்கு அங்கால, இஞ்சால கோப்பியும் பிஸ்கட்டும்தானாம். சபையில சேராத ஆக்களும் இதுவரைக்கும் வந்து நிக்கலாமாம்.”

அடுத்தவர்களின் தேவாலயத்தில் சாமி வைக்கலாமா என்று கோயில் சபையில் சிலருக்குச் சந்தேகம் இருந்தது. அதையும் பகீரதன்தான் தீர்த்தான். உட்ரெக்ட்டில் கத்தோலிக்கர் கட்டியதில் மற்றவர்கள் இருந்து கும்பிட்டதையும், பிறகு அவர்களும் குறைந்துபோக ஒரு பழைய தேவாலயம் தானாகப் பாட்டுப் பாடும் பெட்டிகளின் அருங்காட்சியகமானதையும் சொன்னான். “கோயில் கட்டிடம் கை மாறாத ஊர் கிடையாது ஐயா. வெறும் கட்டிடமாய்க் கிடக்கிறதிலும் பார்க்க இன்னொரு சாமி வாறது நல்லதுதானே,” என்றான். சபைத் தலைவர் தலையாட்டியது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கு யாரும் அப்படித் தலையாட்டியதில்லை.

வேலை தொடங்கியது. கும்பாபிஷேகத்துக்கு ஆனியில் நாள் வைத்தார்கள். அந்த மாரிகாலம் முழுக்க ஊரிலிருந்து வந்த செய்தியை நான் உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. உங்கள் வீடுகளில் பேசாமல் விட்டிருந்தாலும் பேசாமல் விட்ட விதத்திலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என் தம்பி யுத்தம் நடந்த வன்னியில் பள்ளிக்கூட வாத்தியார். தைப்பொங்கல் கழிந்து ஒருமுறை போன் எடுத்துப் பேசினான். “அண்ணை, இடம் மாறுறம். போய்ச் சேர்ந்திட்டு எடுக்கிறன்,” என்றான். பிறகு எடுக்கவில்லை. கந்தோரில் இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, “இருக்கினம், இருக்கினம்,” என்று சொல்லிவிட்டுப் பிளானுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன்.

அந்த மாதங்களில் ரொறொன்ரோவில் எங்களுக்குள்ளே இருந்த பொறாமையைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள். நான் எழுதுகிறேன். போன் வந்த வீட்டைப் பார்த்துப் போன் வராத வீடு எரிந்தது. அகதி முகாமுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னால் நாங்கள் கையைப் பிடித்துச் சந்தோஷப்படுவோம், வீட்டுக்கு வந்து ஒருவரோடொருவர் பேசாமல் இருப்போம். ரூஜ் பகுதியில் எனக்குப் பக்கத்து வீட்டிலும் எங்கள் ஆட்கள்தான். அங்கே போன் அடித்தால் சுவருக்கு இந்தப் பக்கம் நான் எழும்பி நிற்பேன்.

வைகாசியில் ஒரு காலை, பகீரதன் கந்தோருக்குள் வரவில்லை. கார் கீழே நின்றது. நானா என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

“அண்ணன் போயிட்டார் அண்ணை. மண்ணுக்குள்ள தாட்ட ஆளே முகாமில இருந்து எடுத்துச் சொன்னது. ஒரு பனைக்குக் கீழயாம்.”

நான் பக்கத்துச் சீட்டில் ஏறி அவன் தோளில் கையை வைத்தேன். அவன் அழுதான். நானும் அழுதேன், உண்மையாகத்தான். ஆனால் உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது: இவனுக்கு நாள் தெரியும், இடம் தெரியும், தாட்ட கை யாருடையது என்று தெரியும். இவன் வீட்டுக்குப் போய்ப் படத்துக்கு விளக்கு வைப்பான், ஒரு மாதம் சாவுத் துடக்குக் காப்பான், முடிவில் அந்தியேட்டிக் கிரியை செய்வான். எனக்கு அதுவும் இல்லை. செத்துப்போன அண்ணனுக்காக ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது எப்படி என்று உங்களுக்கு விளங்காமலே இருக்கட்டும்.

சில நாளில் யுத்தம் எல்லாம் முடிந்ததென்று செய்தி வந்தது. அன்று பின்னேரம் சபைத் தலைவர் நானாவுக்குப் போன் எடுத்தார். சனம் அந்தக் கட்டிடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது, யாரும் கூப்பிடவில்லை, மழைக்குள் பார்க்கிங்கில் நிற்கிறது, என்ன செய்ய என்று கேட்டார். நானாவும் நானும் போனோம். உள்மண்டபத்தில் பாதித் தரை கிண்டிக் கிடந்தது. வயர்கள் தொங்கின. ஒப்பந்தக்காரன் கதவை மறித்து, ஒருத்தரையும் விடமாட்டேன் என்று நின்றான். அவன் சொன்னதில் பிழை இல்லை. யாராவது விழுந்து காலை முறித்தால் கோயில் சபையும் நாங்களும் தெருவில்தான். நகரசபை ஆட்கள் இன்னும் பார்த்துக் கையெழுத்துப் போடவில்லை.

நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். பகீரதன் வந்த பிறகு அவர் அப்படிப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

“குணம், சொல்லு. திறக்கிறதோ, பூட்டுறதோ?”

நான் கண்ணை மூடிப் பிளானை நினைத்தேன். கோப்பி அறையில் நாங்கள் கையே வைக்கவில்லை. கூரை, கதவு, வெளியேறும் வழி, கழிப்பறை எல்லாம் ஒல்லாந்துக்காரர் பாவித்தபடியே இருந்தன. “உள்கதவைப் பலகை அடிச்சு மூடுவம் நானா. முன்னறையைத் திறப்பம். நான் அந்தக் கதவடியில நிக்கிறன்,” என்றேன். அவர் ஒப்பந்தக்காரனின் கையிலிருந்து சாவியை வாங்கி என்னிடம் தந்தார். 

சனம் உள்ளே வந்தது. சத்தமில்லாமல் வந்தது. ஒரு அம்மா மட்டும் வரவில்லை. கொட்டும் மழையில் படிக்குக் கீழே நின்றார். நான் குடையோடு போனேன்.

“உள்ளுக்கு வாங்கோ அம்மா.”

“நான் வரக்கூடாது தம்பி. மகன் போயிட்டான். துடக்கு. கோயிலுக்குள்ள வரலாமே?”

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வீட்டில் சாவு விழுந்தால் ஒரு மாதம் கோயிலுக்குள் காலடி வைப்பதில்லை. அதுதான் துடக்கு. ஊரில் அதற்கு வழி இருந்தது. தெருவில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். இங்கே கோபுரமும் இல்லை, வீதியும் இல்லை. கார் நிற்கும் இடம், கதவு, உடனே கோயில். நாங்கள் கட்டிடத்தை மாற்றியபோது எல்லாவற்றையும் யோசித்தோம், செருப்பு வைக்கும் தட்டுக்கூடக் கீறினோம். சாவீட்டுக்காரர் எங்கே நிற்பது என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. ரொறொன்ரோவில் நான் பார்த்த எங்கள் கோயில் பிளான்கள் எல்லாவற்றிலும் அதே பிழைதான்.

“இன்னும் கோயிலாகேல்லை அம்மா,” என்றேன். “சாமி வரேல்லை. வேதக்கோயிலும் போயிட்டுது. இப்ப இது ஒண்டுமில்லை. கோப்பி குடிக்கிற அறை. வாங்கோ.”

 அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பகீரதன் எங்கிருந்தோ பெரிய பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். தானும் துடக்குக்காரன் என்று அவன் அந்த அம்மாவுக்குச் சொன்னதும் அவர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். குடை பிடித்துக் கூட்டி வந்தவன் நான். பலகைக் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை கந்தோரில் அந்தக் கோட்டைக் கீறினேன். கோப்பி அறையும் உள்மண்டபமும் சந்திக்கும் இடத்தில் மரக்கதவைக் கழற்றிவிட்டு, சுவரை அகலமாகத் திறந்து, தரையில் கறுப்புக் கல்லில் ஒரு பட்டி. கோட்டுக்கு அங்கால் கோயில், இஞ்சால் மண்டபம். துடக்குக்காரர் இஞ்சால் நின்றபடியே விளக்கையும் சாமியையும் பார்க்கலாம். கதவு வைத்தால் என்றைக்காவது யாராவது பூட்டிவிடுவார்கள். அதனால்தான் கோடு. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கிழமையே சபை கூடியது, அதே கோப்பி அறையில். கும்பாபிஷேகத்தைத் தள்ளி வைப்பதா என்று கேள்வி. சபையிலேயே பாதிப் பேர் துடக்கு. தலைவர், நாள் வைத்தது வைத்ததுதான் என்று நின்றார். “துடக்குக்காரர் ஒரு மாசம் பொறுக்கட்டும். ஒரு கூரைக்குக் கீழ இருக்கிறது எல்லாம் கோயில்தான்,” என்றார். குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் சுருட்டிய பிளானை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிட விஷயம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். முறைப்படி அது கடைசியில்தான் வரும்.

பகீரதன் எழும்பினான்.

“நான் இருந்த ஊரில நடுவில ஒரு பெரிய தேவாலயம். முன்னுக்கு வானத்தை முட்டுற கோபுரம், பின்னுக்குப் பீடம். நடு மண்டபத்தைக் காசில்லாமல் மெல்லிசாக் கட்டிப்போட்டினம். ஒரு நாள் புயல் அடிச்சு நடு மட்டும் விழுந்திட்டுது. கோபுரம் ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம் தனித்தனிய நிக்குது. இண்டைக்கும் அப்பிடித்தான். இடிஞ்ச கல்லு நூறு வருசத்துக்கு மேல அதிலயே கிடந்ததாம். இப்ப அது வெளி. தூண் நிண்ட இடத்தைத் தரையில கல்லால காட்டியிருக்கினம். சைக்கிள் ஓடுறவன் ஓடுறான், கும்பிடுறவன் கும்பிடுறான், அழுறவன் அதில நிண்டு அழுறான். ஒருத்தரும் ஒருத்தரையும் தடுக்கிறேல்லை.” அவன் தலைவர் பக்கம் திரும்பினான். “எங்களுக்கும் நடு விழுந்துபோச்சு ஐயா. என்ர அண்ணனைத் தாட்டு இன்னும் மண் காயேல்லை. நான் எங்க போய் நிக்கிறது? எனக்கு நிக்க ஒரு நடு தாங்கோ.”

குருக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் எதுவரைக்கும் கும்பத்துத் தண்ணி தெளிக்கிறனோ அதுவரைக்கும்தான் கோயில்,” என்றார். தலைவர் உட்கார்ந்துவிட்டார். நானா என்னைப் பார்த்து, “குணம், பிளானை விரி,” என்றார். விரித்தேன். கோடு அங்கே இருந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“ஒல்லாந்துத் தம்பியின்ர யோசினையை உடனேயே கீறிக் கொண்டந்திட்டியள். கெட்டிக்காரன்தான்,” என்று தலைவர் என் முதுகில் தட்டினார்.

எனக்கு வாயில் கொழுக்கட்டை. அவன் பேசுவதற்கு முதலே நான் கீறியது என்று சொல்ல ஒரு வசனம் போதும். தாட்ட மண் காயாதவனுக்கு முன்னால் அந்த வசனத்தை எப்படிச் சொல்வது? பகீரதனுக்குப் பிளானைப் பற்றித் தெரியாது. அவன் என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எடுத்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

திரும்பும்போது காரில் நானா சொன்னார். “கோடு உன்ர. எனக்குத் தெரியும். காலமை உன்ர மேசையில பார்த்தனான். ஆனா அவன் தன்ர அண்ணனைச் சொல்லிக் கேட்டான். நீ பிளானைக் காட்டிக் கேட்டிருப்பாய். பிளானுக்கு ஒருத்தரும் அழமாட்டினம் குணம்.” கொஞ்சத் தூரம் போனபின், “உனக்கும் ஊரில தம்பி ஒருத்தன் இருக்கிறானெல்லே?” என்றார்.

“இருக்கிறான் நானா,” என்றேன். 

கும்பாபிஷேகம் சொன்ன நாளில் நடந்தது. முன்மண்டபம் நிரம்பி வழிந்தது. கோட்டுக்கு இஞ்சால் நின்ற சனம் அங்கால் நின்றதைவிட அதிகம். பகீரதன் முன்வரிசையில், கோட்டுக்குச் சரியாகப் பின்னால், தாடியோடு இருந்தான். மழையில் நின்ற அம்மா அவனுக்குப் பக்கத்தில். உள்ளே மேளம் நின்றதும் தலைவர் ஒலிபெருக்கியில் படவரைஞருக்குப் பொன்னாடை என்று என் பெயரைக் கூப்பிட்டார். என் வாழ்க்கையில் முதல் தடவை. பகீரதனைக் கூப்பிட முடியாது, அவன் துடக்கு. நான் மட்டும்தான்.

எழும்பிக் கோட்டடிக்கு வந்தேன். கால் வரவில்லை.

நான் கீறிய கோடு, அதன் அகலம்கூட நான் குறித்தது. அதன் முன்னால் நான் எந்தப் பக்கத்து ஆள் என்று எனக்குத் தெரியவில்லை. தாண்டினால் தம்பி இருக்கிறான். நின்றால் தம்பி இல்லை. போன் வரவில்லை, செய்தி வரவில்லை, தாட்ட ஆளென்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. உள்ளே பொன்னாடையோடு தலைவர் நிற்கிறார். எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்குத் துடக்கா இல்லையா?

கீழேயிருந்து பகீரதனின் குரல் மெல்லக் கேட்டது. நானா அவனுக்கு என்ன சொல்லியிருந்தாரோ, அவனே என்ன ஊகித்தானோ, இன்றுவரை நான் கேட்டதில்லை.

“செய்தி வராத சாவுக்குத் துடக்கில்லை அண்ணை. நீங்கள் போங்கோ.”

தாண்டினேன். பொன்னாடையை வாங்கிக்கொண்டேன். திரும்பி அவனைப் பார்த்தபோது அவன் கண்ணில் இருந்ததை நான் உடனே அடையாளம் கண்டேன். மாதக்கணக்காக என் கண்ணில் இருந்த அதே எரிவுதான். என்னுடைய தம்பி உயிரோடு இருக்கக்கூடும். அவனுடைய அண்ணனுக்கு அது இனி இல்லை. அன்று ஒரு நாள் மட்டும் அவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். அதை நான் விரும்பவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

துடக்கு மாதம் முடிந்ததும் அவன் தாடியை எடுத்துவிட்டு, தலைக்குத் தோய்ந்து, கோட்டைத் தாண்டி உள்ளே வந்தான். அதோடு அவனுக்கு முடிந்தது. அடுத்த வெள்ளியிலிருந்து அந்தக் கோடு அவனுடைய காலுக்குத் தெரியவே இல்லை. நான் அப்போதும் பொறாமைப்பட்டேன்.

நானா போய்ச் சேர்ந்தார். கந்தோர் இடம் மாறியது. நான் ஓய்வு பெற்ற பிறகு உட்ரெக்ட்டுக்குப் போனேன். பகீரதனின் கதைகளில் எங்காவது ஒரு பொய் அகப்படாதா என்றுதான் போனேன். ஒன்றும் அகப்படவில்லை. முகம் கொத்தப்பட்ட சிலைகள் இருந்தன. வீட்டுச் சுவருக்குப் பின்னால் தேவாலயம் இருந்தது. தானாகப் பாடும் பெட்டி பாடியது. நடு விழுந்த வெளியில், தரையில் தூணின் தடங்களுக்கு மேல் நின்றேன். கல்லை ஏன் நூறு வருடத்துக்கு மேல் அள்ளாமல் விட்டார்கள் என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். காசில்லை என்றாள். இருக்கலாம். அள்ளினால் இனிக் கட்டப் போவதில்லை என்று ஆகிவிடுமே, அதனால் யாருக்கும் கை வந்திருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கோயிலின் சபைத் தலைவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். பகீரதன். வேறு யாராக இருக்க முடியும்? உங்கள் சிவப்பு மையைக் கண்ட அன்றே ஒஷாவாவுக்குப் போய் அவனுடைய வீட்டு மணியை அடித்தேன்.

“நான்தான் எடுக்கச் சொன்னனான் அண்ணை,” என்றான். “கல்லு கிளம்பிப் போச்சு. ரெண்டு மூண்டு பேர் தடக்கி விழுந்திட்டினம். இப்ப துடக்குக்காரர் எங்க நிக்க வேணும் எண்டு எல்லாருக்கும் பழகிப் போச்சுத்தானே. கோடு வேணுமோ?”

“வேணும்.”

“ஏன் வேணும் எண்டு சபைக்குச் சொல்லுங்கோவன்.”

“அது என்ர கோடு. நீ அண்டைக்கு எழும்ப முதலே கீறினது.”

சொல்லிவிட்டேன். எத்தனை வருடம் வாய்க்குள் கிடந்த வசனம். அவன் கொஞ்சமும் அசையவில்லை.

“தெரியும் அண்ணை. நானா சாக முதல் சொன்னவர். ஆனா சபைக்கு அது காணாது. பிளானைக் கொண்டு வராதேங்கோ. கதையைச் சொல்லுங்கோ.”

பாருங்கள், அதிலும் அவனே முந்திவிட்டான்.

சரி, சொல்லிவிட்டேன். சபையில் எனக்குப் பேச வராது, இதையே வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்கான தொழில் ஆலோசனை இவ்வளவுதான்: பட்டியின் இரண்டு பக்கமும் தரையைச் சமப்படுத்துங்கள். சக்கர நாற்காலி தடக்காமல் போகட்டும், யாரும் விழ வேண்டாம். கிளம்பிய கல்லை மாற்றுங்கள், அதே கறுப்பு, அதே அகலம். கோட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் அங்கே போகிறேன். கோட்டடியில் கொஞ்சம் நிற்பேன். செய்தி வராத சாவுக்குத் துடக்கில்லை. பிறகு காலைத் தூக்கி அங்கால் வைப்பேன். தம்பி இன்னும் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறான், சேர்ந்ததும் எடுப்பான்.